இலகு ஜைரோபிளேன் ஏன் விழுகிறது? ஆச்சி மகன் வாங்கப் போகிறான், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் அம்மான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரிய ஆச்சியின் (அக்காவின்) மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். மேலே இரண்டு பிளேடு சுற்றுகிறது, முதுகுக்குப் பின்னால் ஒரு புரொப்பெல்லர் தள்ளுகிறது, நடுவில் ஒரு நாற்காலி. வண்டி அவ்வளவுதான். ஒருவர் மட்டும் உட்காரும் பழைய ஜைரோபிளேன். "விலை படிந்துவிட்டது அம்மான், ஆத்தாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்" என்கிறான்.

டீசல் இன்ஜின் பட்டறை முப்பது வருடம் நடத்தியவன் நான். இயந்திரம் என்றால் பயம் கிடையாது. அதனால் ஆச்சியிடம் போவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து விபத்து அறிக்கைகளைப் படித்தேன். இன்ஜின் நின்றுதான் விழும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பல அறிக்கைகளில் இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, நல்ல வெயிலில், நேராகப் பறந்துகொண்டிருந்த வண்டி முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழுந்திருக்கிறது. இது எனக்கு விளங்கவில்லை. இன்னொன்று, அவன் பார்த்த வண்டிக்குப் படுக்கைவாட்டு வால் இல்லை. "இதற்கு அது தேவையில்லை" என்று விற்பவர் சொன்னாராம். உண்மையா?

கோட்டையூரான் எழுதியது:

அண்ணே, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இங்கிலாந்தில் வேலையில் இருந்தபோது ஜைரோ ஓட்டப் பழகி உரிமம் எடுத்தவன் நான். உங்கள் மருமகனிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: இன்னும் பணம் கொடுக்க வேண்டாம்.

இன்ஜின் நிற்பதை முதலில் முடித்துவிடுகிறேன். ஹெலிகாப்டரில் இன்ஜின்தான் மேலே உள்ள பிளேடுகளை, அதாவது ரோட்டரைச் சுற்றுகிறது. ஜைரோவில் பறக்கும்போது ரோட்டருக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இல்லை. ரோட்டர் கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்திருக்கும், கீழிருந்து மேலாகப் போகும் காற்று அதைச் சுற்றிவிடும். இன்ஜின் முன்னால் தள்ள மட்டும்தான். அது நின்றால் வண்டி இறங்கும், இறங்கும்போதும் காற்று கீழிருந்துதான் வரும், ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். போதிய உயரமும் வேகமும் இருந்தால் ஒரு சின்ன வயலில் இறக்கிவிடலாம். நானே இரண்டு முறை இன்ஜினை அணைத்து இறங்கிப் பழகியிருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட குட்டிக்கரணம். ஒரு இரும்பு பீரோவை நடுவுக்கு மேலே கை வைத்துத் தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். அது முகங்குப்புற விழப் பார்க்கும். பின்னாலிருந்து ஒருவர் அதன் தலையில் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருந்தால் விழாது, நகரும். பழைய ஜைரோக்கள் பலவற்றில் புரொப்பெல்லர் தள்ளும் கோடு வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கிறது. தள்ளுவது புரொப்பெல்லர், கயிற்றைப் பிடித்திருப்பது ரோட்டர். ரோட்டரில் பாரம் இருக்கும்வரை எல்லாம் சரி. ஒரு கணம் பாரம் போய்விட்டால் கயிறு தளர்ந்தது என்று அர்த்தம். முழு த்ராட்டிலில், அதாவது முழு விசையில் இன்ஜின் தள்ள, வண்டி முன்னால் உருள்கிறது. ஓரிரு நொடி வேலை. அதற்குள் ரோட்டர் பின்னால் உள்ள புரொப்பெல்லரிலோ வாலிலோ அடிபடும். அதற்குப் பிறகு விமானி செய்வதற்கு ஒன்றுமில்லை.

பள்ளத்தூர் டீச்சர் எழுதியது:

இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். 'பாரம் போய்விட்டால்' என்று தம்பி சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன், முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

சின்ன வயதில் பனையோலைக் காற்றாடி செய்து கருவேல முள்ளைக் குத்திக்கொண்டு ஓடியிருப்போம். ஓடினால் சுற்றும், நின்றால் நின்றுவிடும். ஜைரோவின் ரோட்டரும் அந்த ஓலைக் காற்றாடிதான். அதற்குக் காற்று எப்படிக் கிடைக்கிறது? வண்டியின் எடை அதில் தொங்குகிறது. அந்த எடை, சுற்றும் பிளேடுகள் போடும் வட்டத் தட்டின் வழியாகக் காற்றை மேலே போக வைக்கிறது. எடை கூடினால் தானாகவே வேகமாகச் சுற்றும், குறைந்தால் மெதுவாகும்.

ராட்டினத்தில் உச்சியைத் தாண்டி இறங்கும்போது வயிறு மேலே வருமே, அந்த நேரத்தில் நம் எடை பாதி காணாமல் போகிறது. ஜைரோவில் ஓட்டுகிறவர் கையில் பிடித்திருக்கும் ஸ்டிக்கைச் சட்டென்று முன்னால் தள்ளினால் அதேதான் நடக்கும். ரோட்டர் கணக்குப்படி தன் மேல் யாருமே உட்காரவில்லை. சுழற்சி குறைய ஆரம்பிக்கும். குறைந்த சுழற்சியில் முன்வேகம் மட்டும் அப்படியே இருந்தால், பின்னோக்கிப் போகும் பக்கத்துப் பிளேடுக்குப் போதிய காற்று கிடைக்காது. அது தொங்கும், எதிர்ப்பக்கத்துப் பிளேடு எகிறும். திரும்பப் பாரத்தை ஏற்ற முயன்றாலும் ரோட்டர் ஏற்கிற நிலையில் இருக்காது.

தேவகோட்டைத் தம்பி எழுதியது:

எல்லோரும் வண்டியைக் குறை சொல்கிறீர்கள். நான் படித்தவரை பல விபத்துகளில் ஓட்டியவர் முறையாகப் படிக்காதவர். ஒருவர் உட்காரும் வண்டியில் வாத்தியார் எங்கே உட்காருவார்? யூடியூப் பார்த்துவிட்டு ஏறினால் எந்த வண்டியும்தான் விழும். ஓட்டுகிறவர் சரியாக இருந்தால் வால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

கோட்டையூரான் எழுதியது:

தம்பி, பாதி சரி. ஆனால் மறு பாதி முக்கியம். 1970-இல் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் கென் வாலிஸ் வடிவமைத்த ஜைரோ ஒன்று கூட்டத்தின் கண் முன்னால் விழுந்தது. ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, சோதனை விமானி. இறந்துபோனார்.

விமானத்தில் வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போனால் என்ன செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஸ்டிக்கை முன்னால் தள்ளு, மூக்கைக் கீழே இறக்கு. அந்தப் பழக்கம் கைக்குள் போய்விடும். நினைக்க வேண்டியதே இல்லை, கை தானாகச் செய்யும். ஜைரோவில் உயிரை எடுப்பது அந்த ஒரு அசைவுதான். ஆயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியவர் ஜைரோவில் ஏறும்போது ஒன்றும் தெரியாதவரைவிட ஆபத்தில் இருப்பார் என்று என் பயிற்சியாளர் சொல்வார். நான் பார்த்ததும் அதுதான்.

இன்னொரு வழியிலும் அதே இடத்துக்கு வந்து சேரலாம். ஜைரோவின் மூக்கு லேசாக மேலே போகிறது, தள்ளுகிறோம். ரோட்டர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் இன்னும் தள்ளிவிடுகிறோம். கீழே போகிறது, இழுக்கிறோம். ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாகும். வேகம் கூடக் கூட இது மோசமாகும். மூன்றாவது நான்காவது ஆட்டத்தின் உச்சியில் பாரம் சுத்தமாகப் போய்விடும். அங்கிருந்து குட்டிக்கரணம். பாரம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது, த்ராட்டிலைக் குறைத்துவிட்டு ஸ்டிக்கைத் துரத்தாமல் பிடித்திருப்பது. கேட்க எளிது, பத்து மணி நேரம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் கைக்கு வராது.

வண்டியின் பங்கைக் கேட்டீர்களே, அதற்கு ஆய்வே இருக்கிறது. 1990-ஐ ஒட்டி பிரிட்டனில் ஜைரோ விபத்தில் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள். அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திடம் ஆய்வை ஒப்படைத்தது. கணினியில் மட்டும் இல்லாமல் கருவிகள் பொருத்திய உண்மையான ஜைரோவையும் பறக்கவிட்டு அளந்தார்கள். எல்லோரும் வால்தான் காரணம் என்று அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கண்டது வேறு. வாலைவிடப் பெரிய விஷயம் ஈர்ப்பு மையத்துக்கும் புரொப்பெல்லர் தள்ளும் கோட்டுக்கும் உள்ள செங்குத்து இடைவெளி. அது மேலேயோ கீழேயோ இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். அதற்காக வாலே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நல்ல வால் ஆட்டத்தை அடக்கும், ஓட்டுகிறவருக்கு நேரம் கொடுக்கும். நான் என் பணத்தில் வாங்கினால் வால் இல்லாத வண்டியைத் தொடமாட்டேன்.

கானாடுகாத்தான் அம்மான் எழுதியது:

பீரோ உதாரணம் பட்டென்று விளங்கிவிட்டது தம்பி. ஒரு சந்தேகம். இடைவெளி இவ்வளவு முக்கியம் என்றால் முதலில் வடிவமைத்தவர்கள் ஏன் கவனிக்கவில்லை?

கோட்டையூரான் எழுதியது:

முதலில் இடைவெளி இவ்வளவு இல்லை அண்ணே. 1950-களில் அமெரிக்காவில் இகோர் பென்சன் என்பவர் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஜைரோவை வரைபடமாக விற்றார். அதில் பலரும் பொருத்தியது மெக்கல்லக் இன்ஜின், இராணுவம் குறிபார்த்துச் சுட்டுப் பழக இலக்காகப் பறக்கவிட்ட ஆளில்லா விமானத்தில் இருந்தது. 72 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், காதைக் கிழிக்கும். அதில் புரொப்பெல்லர் இன்ஜினோடு நேரடியாகச் சுற்றும், அதனால் சின்னது.

பிறகு கியர் வைத்த ரோட்டாக்ஸ் இன்ஜின்கள் வந்தன. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றலாம், தள்ளும் பலம் அதிகம், சத்தம் குறைவு. எல்லாமே நல்லது. ஆனால் பெரிய புரொப்பெல்லர் அடியில் உள்ள சட்டத்தில் இடிக்காமல் இருக்க இன்ஜினை மேலே தூக்கி வைக்க வேண்டும். நாற்காலி, ஆள், டாங்கி எல்லாம் அதே உயரத்தில் கிடந்தன. கோடு மேலே போய்விட்டது. யாரும் தப்பு செய்ய வேண்டும் என்று செய்யவில்லை. இன்ஜினை மாற்றினார்கள், மற்றதை மாற்றவில்லை.

புதுவயல் மில்காரர் எழுதியது:

அரிசி ஆலை வைத்திருப்பவன். பறப்பது பற்றித் தெரியாது, சுற்றுவது பற்றித் தெரியும். அம்மான் அனுப்பிய படத்தில் இரண்டு பிளேடும் ஒரே ஒரு போல்ட்டில் தராசு மாதிரி ஆடுகிறதே, அந்த போல்ட்டை யாராவது கழற்றிப் பார்த்திருக்கிறார்களா?

எங்கள் ஆலையில் ஒரு ஷாஃப்ட் போன வருடம் முறிந்தது. முந்தின நாள் வரை ஒரு சத்தம் கிடையாது. உடைந்த முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி கறுத்துப்போய், மாதக்கணக்காக விரிசல் ஓடியிருந்தது தெரிந்தது. கால்வாசிதான் அன்றைக்குப் புதிதாக முறிந்தது. உலோகம் களைத்துப்போவது வெளியில் தெரியாது. ஆலையில் ஷாஃப்ட் முறிந்தால் நெல் நிற்கும், வேறொன்றும் இல்லை.

கோட்டையூரான் எழுதியது:

மிகச் சரி. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு இரண்டும் சேரும் நடுப்பகுதியில், அதாவது ஹப்பில், ஒரு வளைவு விழுகிறது. இரண்டு பேர் போகும் ஜைரோ ஒன்றின் ரோட்டர் நிமிடத்துக்கு 350 சுற்று என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 21,000 சுற்று. இருநூறு மணி நேரம் ஓடிய வண்டி என்றால் நாற்பது லட்சத்துக்கும் மேல். அதனால்தான் பிளேடுக்கும் ஹப்புக்கும் போல்ட்டுக்கும் தயாரிப்பாளர்கள் ஆயுளை மணிக்கணக்கில் எழுதித் தருகிறார்கள். ஓடிய மணி நேரத்தைக் குறித்து வைக்கும் லாக் புக் இல்லாத பழைய ரோட்டர் என்றால் எனக்கு அது ரோட்டரே இல்லை. பிளேடு ஏதாவது தரையிலோ மரத்திலோ தட்டியிருந்தால், நிமிர்த்திப் பெயின்ட் அடித்து விற்பவர்களும் உண்டு. சாயம் தடவி விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தம்பி எழுதியது:

சரி அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் மேலே நடப்பது. தரையிலேயே ஜைரோ கவிழ்ந்து கிடக்கும் படங்கள் ஏராளமாக இருக்கின்றனவே, அது எதனால்?

கோட்டையூரான் எழுதியது:

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை, எனக்கே நடந்தது.

பயிற்சியில் இருபதாவது மணி நேரம் இருக்கும். தனியாக இரண்டாவது நாள். புறப்படுவதற்கு முன்னால் ரோட்டரை இன்ஜினோடு தற்காலிகமாக இணைத்து 200 சுற்று வரை ஏற்ற வேண்டும். பிறகு இணைப்பை விடுவித்து, ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் வைத்து, பிரேக்கை விட்டு, ஓடும் காற்றில் ரோட்டரே மீதியை ஏற்றிக்கொள்ளும்படி நிதானமாகப் போக வேண்டும். எனக்கு முன்னால் ஒரு விமானம் தாமதம் செய்தது. பின்னால் ஒருவர் காத்திருந்தார். அவசரம். காத்திருந்த நேரத்தில் ரோட்டர் 140-க்கு இறங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. த்ராட்டிலைத் திறந்துவிட்டேன்.

ரோட்டர் மெதுவாக, வண்டி வேகமாக. டீச்சர் சொன்ன அதே கதைதான், தரையில் நடக்கிறது. முதலில் ஸ்டிக் கைக்குள் உதறியது. அடுத்த நொடி முழங்காலில் வந்து அடித்தது, இடம் வலம் என்று. தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். த்ராட்டிலை மூடி ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கை அதைச் செய்தது, ஆனால் ஒரு பிளேடு வாலின் நுனியைச் சீவிவிட்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிளேடு இரண்டும் மாற்ற வேண்டியதாயிற்று. அன்று முதல் புறப்படும்போது என் கண் ரோட்டர் மீட்டரில்தான் இருக்கும், பின்னால் யார் காத்திருந்தாலும் சரி.

பலரும் கவிழ்வது அங்கேதான், அல்லது இறங்கியபிறகு. சக்கரம் தரையைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்து, ரோட்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வேகமாகத் திரும்புவார்கள். பக்கக் காற்று தட்டுக்கு அடியில் புகுந்து புரட்டிவிடும். ரோட்டர் நிற்கும்வரை பறந்துகொண்டிருப்பதாகவே நினைக்க வேண்டும்.

தேவகோட்டைத் தம்பி எழுதியது:

நம் செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறதே. அனுமதி மட்டும் கிடைத்தால் ஜைரோவுக்கு அதைவிட நல்ல இடம் உண்டா? சுற்றிலும் பொட்டல்.

கோட்டையூரான் எழுதியது:

எனக்கும் அந்த ஆசை உண்டு தம்பி. ஆனால் நம் மண்ணில் ஓட்டுவது என்றால் வேறு கணக்கு. பெயர்ந்த தளத்தில் முன்சக்கரம் ஒரு சரளைக்கல்லைத் தெறிக்கவிட்டால் அது நேராகப் பின்னால் உள்ள புரொப்பெல்லருக்குத்தான் போகும். சட்டைப்பையில் இருக்கும் செல்போன், தொப்பி, தோளில் கிடக்கும் துண்டு எல்லாமும் அப்படித்தான். பின்னால் தள்ளும் வண்டியில் எது கழன்றாலும் போகிற இடம் ஒன்றுதான்.

அடுத்தது சித்திரை வெயில். 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. இன்ஜின், புரொப்பெல்லர், ரோட்டர் மூன்றுக்கும் சேர்த்து அடி. ஜைரோ குறைந்த வேகத்திலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு தரையை விட்டு எழும். எழுந்துவிட்டதே என்று அப்படியே ஏற்றப் பார்த்தால் இழுவை அத்தனையும் இன்ஜினைத் தின்றுவிடும், ஏறாது, உட்காரும். எழுந்ததும் தரையை ஒட்டியே மூக்கை மெதுவாக இறக்கி வேகம் பிடித்துப் பிறகுதான் ஏற வேண்டும். இரண்டு ஆள், நிறைந்த டாங்கி, மத்தியான வெயில் மூன்றும் சேர்ந்தால் பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

கடைசியாக மின்கம்பி. ஜைரோ தாழ்வாகப் பறக்கும், அதில்தான் சந்தோஷமே. நம் பக்கம் பொட்டல் என்று நாம் நினைக்கும் இடத்தில் எல்லாம் ஒரு ஆழ்துளைக் கிணறும் அதற்கு ஒரு லைனும் போகிறது. கம்பத்தைப் பார்க்கலாம், கம்பியைப் பார்க்க முடியாது. கம்பம் தெரிந்தால் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கம்பத்துக்கு மேலேதான் தாண்ட வேண்டும்.

பள்ளத்தூர் டீச்சர் எழுதியது:

விமானதளம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த வண்டியைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியர்வா. 1919-இல் அவர் வடிவமைத்த பெரிய விமானம் வேகம் குறைந்து தாங்காமல் விழுந்தது. வேகம் குறைந்தாலும் விழாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று இறங்கினார். முதல் மூன்று வண்டிகளும் பக்கவாட்டில் கவிழ்ந்தன. ஆனால் அவர் செய்த சின்ன மாதிரி மட்டும் நன்றாகப் பறந்தது. அதன் பிளேடுக்குள் பிரம்புக் குச்சி, அது வளைந்துகொடுத்தது. பெரிய வண்டியின் இரும்பு வளையவில்லை. அதைக் கண்டுகொண்டு பிளேடுக்குக் கீல் வைத்தார், 1923 ஜனவரியில் நான்காவது வண்டி பறந்தது. 1927-இல் ஒன்றில் பிளேடு முறிந்து விபத்து நடந்தபிறகு முன்பின் ஆடும் கீலையும் சேர்த்தார். விழுந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் இந்த வண்டி வளர்ந்திருக்கிறது.

அவர் இறந்தது ஜைரோவில் இல்லை. 1936 டிசம்பரில் லண்டன் கிராய்டன் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் கிளம்பிய பயணிகள் விமானத்தில். அதே கிராய்டனில்தான் நம் வள்ளல் அழகப்பர் விமானம் ஓட்டப் பழகிச் சான்றிதழ் வாங்கினார். காரைக்குடியில் கல்லூரிச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஆகாயத்தில் ஆசைப்படுவது நம் ஊருக்குப் புதிதில்லை, அம்மான். பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் அம்மான் எழுதியது:

தாமதத்துக்கு மன்னியுங்கள். இந்த இழையை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பேசவே இல்லை, கோபம் போல என்று நினைத்தேன்.

நேற்று இரவு கூப்பிட்டான். விற்பவர் வீட்டுக்கே போய், வண்டியை ஒரு கொட்டகை உத்தரத்தில் ரோட்டர் போல்ட்டில் இருந்து தொங்கவிட்டு, தன் எடையோடு நாற்காலியில் உட்கார்ந்து, தொங்கும் கோட்டைச் சட்டத்தில் குறித்திருக்கிறான். பிறகு வேறொரு புள்ளியில் தொங்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் ஈர்ப்பு மையம். பட்டறையில் நான் புல்லிக்குச் செய்வதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். சாக்பீஸ் கோடு தெரியும்படி படம் அனுப்பினான். புரொப்பெல்லர் நடு அதற்கு ஐந்தரை அங்குலம் மேலே இருக்கிறது.

வாங்கவில்லை. விற்பவரிடமும் அளவைக் காட்டியிருக்கிறான். அவர் அந்த வண்டியைப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவராம், படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். விளம்பரத்தை எடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் முதல் இரண்டு பேர் உட்காரும் வண்டியில் வாத்தியாரோடு வகுப்புக்குப் போகிறான். ஆச்சியிடம் இன்றைக்குக் காலையில்தான் சொன்னேன். முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டது. "அந்த வாத்தியாருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா?" என்று கேட்டது. மூன்று பேர் என்றேன். சரி என்றது.